சாமி பயம் இல்லன்னா மனுசன் நல்லவனா இருப்பானா? நல்லது கெட்டது எங்கிருந்து வந்துச்சு?

தாமிரபரணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற கேள்வி, இங்க விவரம் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்கீங்க அதான் கேக்குறேன். மதம் மட்டும் இல்லன்னா எவனும் எவனையும் அடிச்சுப் பிடுங்கித் தின்னுருவான், ஒழுக்கம்னு ஒண்ணு மனுசனுக்கு வந்ததே சாமியாலதான்னு ஒரு பக்கம் சொல்றாங்க. இன்னொரு பக்கம், அதெல்லாம் பரிணாமத்துல வந்தது, குரங்குக்கே நியாயம் அநியாயம் தெரியும், மதம் பின்னாடி வந்து பேரைத் தட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் ரொம்ப உறுதியா பேசுறாங்க.

எனக்குப் படுறது என்னன்னா, இது ஒரே கேள்வி கிடையாது. அடுத்தவன் வலியைப் பாத்தா நமக்கு ஏன் பதறுதுங்கிறது ஒண்ணு. யாருன்னே தெரியாத ஒருத்தனை, அதுவும் யாரும் பாக்காதப்போ, ஏன் ஏமாத்தக் கூடாதுங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு சொல்ற பதில் ரெண்டாவதுக்கும் ஒத்து வருமான்னு தெரியல. ஆதாரத்தோட பேசுங்க, ஆளைப் பிடிச்சுத் திட்ட வேண்டாம்.

குமரன்_78 எழுதியது:

நல்ல த்ரெட். டார்வின்கிட்ட இருந்தே ஆரம்பிக்கலாம். 1871-ல வந்த மனிதனின் தோற்றம் பத்தின புக்ல அவர் ஒரு பெரிய சேப்டரே இதுக்குன்னு ஒதுக்கி இருக்கார். கூட்டமா வாழுற எந்த மிருகமா இருந்தாலும் சரி, அதுக்கு மனுசன் அளவுக்கு புத்தி வளர்ந்துச்சுன்னா மனசாட்சின்னு ஒண்ணு வந்தே தீரும்ங்கிறதுதான் அவர் வாதம். அதாவது பாசம், துணை தேடுறது, கூட இருக்குறவன் என்ன நினைப்பான்ங்கிற கவலை இதெல்லாம் முதல்ல, யோசிச்சுப் பாத்து வருத்தப்படுறது அப்புறம். இதுல சாமிக்கு வேலையே இல்ல.

அதுக்கப்புறம் 1964-ல ஹாமில்டன்ங்கிற உயிரியலாளர் கணக்கு போட்டுக் காட்டினார், ரத்த சொந்தத்துக்காக ஒரு உயிர் நஷ்டப்பட்டா அந்த குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படி போகும்னு. 1971-ல டிரிவர்ஸ், சொந்தமே இல்லாதவங்களுக்குள்ளயும் இன்னைக்கு நான் உனக்கு நாளைக்கு நீ எனக்குங்கிற உதவி எப்படி நிலைக்கும்னு எழுதினார்.

இதுக்கு நல்ல உதாரணம் ரத்தம் குடிக்கிற வௌவால். மத்திய, தென் அமெரிக்காவுல இருக்கு. ரெண்டு மூணு ராத்திரி தொடர்ந்து ரத்தம் கிடைக்கலன்னா செத்துரும். கோஸ்டாரிகாவுல வில்கின்சன்னு ஒருத்தர் பல வருசம் மரப்பொந்துல அதுங்களைக் கவனிச்சு 1984-ல எழுதினார். பசியோட திரும்பி வந்த வௌவாலுக்கு, வயிறு நிறைஞ்ச வௌவால் தான் குடிச்ச ரத்தத்தை கக்கி வாயோட வாய் வச்சு ஊட்டுது. கூடப் பொறந்ததுக்கு மட்டும் கிடையாது, ஒரே பொந்துல பழகின மத்ததுக்கும். முன்னாடி தனக்கு ஊட்டினது எதுவோ அதுக்குத்தான் அதிகமா ஊட்டுதுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சியும் சொல்லுது. செஞ்ச நன்றி மறக்காம இருக்குறதுக்கு வேதம் படிக்கணும்னு அவசியம் இல்லைங்கிறதுக்கு இது போதும்னு நினைக்கிறேன்.

அப்புறம் 2003-ல கப்புச்சின் குரங்கு வச்சு பண்ணின ஆய்வு. ரெண்டு குரங்கு பக்கத்து பக்கத்து கூண்டுல. ஒரு சின்னக் கல்லை எடுத்து ஆய்வாளர் கையில கொடுத்தா வெள்ளரித் துண்டு ஒண்ணு கூலி. ரெண்டுக்கும் வெள்ளரி கொடுத்த வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. ஒண்ணுக்கு மட்டும் திராட்சை கொடுக்க ஆரம்பிச்சதும் மத்தது வேலை செய்ய மறுக்குது, கொடுத்த வெள்ளரியை வாங்க மறுக்குது, சில நேரம் திருப்பி அவங்க மேலயே எறியுது. அஞ்சு நிமிசம் முன்னாடி ஆசையா தின்ன அதே வெள்ளரி.

ரேச்சல்_பாளை எழுதியது:

குமரன் தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க, அந்தக் குரங்கு ஆய்வு வீடியோ நானும் பாத்திருக்கேன். ஆனா ஒண்ணு கவனிங்க.

//ஒண்ணுக்கு மட்டும் திராட்சை கொடுக்க ஆரம்பிச்சதும் மத்தது வேலை செய்ய மறுக்குது//

கோவப்படுறது யாரு? கம்மியா கிடைச்ச குரங்கு. திராட்சை வாங்கின குரங்கு என்ன பண்ணுச்சு? தின்னுச்சு. எனக்குக் கம்மியா கிடைச்சுட்டேன்னு கத்துறதுக்கு பேரு ஒழுக்கம்னா ரெண்டு வயசுப் பிள்ளை எல்லாம் மகான்தான். எனக்கு அதிகமா கிடைச்சிருக்கு, அவனுக்குக் கிடைக்கல, இது தப்புன்னு வாங்கின கையை இழுத்துக்குறது எங்க இருந்து வருது? அதைச் சொல்லுங்க.

இன்னொண்ணு. பரிணாமம் வௌவாலுக்கு ஊட்டத்தான் கத்துக்கொடுத்துச்சா? தான்சானியாவுல கோம்பே காட்டுல ஜேன் குடால் பாத்தது என்ன, 1974-ல இருந்து நாலு வருசம் ஒரு சிம்பன்சி கூட்டம், முன்னாடி தன்னோட சேர்ந்து இருந்துட்டு பிரிஞ்சு போன கூட்டத்தோட ஆண் குரங்குகளை ஒண்ணொண்ணா தனியா இருக்கும்போது சுத்தி வளைச்சு அடிச்சே கொன்னுச்சு. அதுவும் இயற்கைதான். ஊட்டுறதும் இயற்கை, கொல்லுறதும் இயற்கைன்னா, இதைச் செய் அதைச் செய்யாதேன்னு எதை வச்சு சொல்லுவீங்க? இயற்கையில நடக்குதுங்கிறது வேற, நடக்கணும்ங்கிறது வேற. அந்த "ணும்" எங்களுக்கு கர்த்தர்கிட்ட இருந்து வருது, உங்களுக்கு எங்க இருந்து வருதுன்னு உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறேன்.

குமரன்_78 எழுதியது:

அக்கா, முதல் கேள்விக்கு பதில் இருக்கு. 2010-ல சிம்பன்சியை வச்சு அதே மாதிரி பண்ணினப்போ சிலது, தனக்கு திராட்சை கிடைச்சும் பக்கத்துல இருக்குறதுக்கு வெறும் கேரட் கிடைக்குதுன்னு பாத்து திராட்சையை வேண்டாம்னுச்சு. எல்லாமே இல்ல, சிலது. ஆனா நீங்க கேட்ட அந்த கையை இழுத்துக்குற விசயம் அங்க லேசா ஆரம்பிச்சிருக்கு.

ரெண்டாவது கேள்வி பெரிய கேள்விதான். ஆனா அதே கேள்வி உங்க பக்கமும் வருதே. கடவுள் சொன்னதால ஒரு விசயம் நல்லதா, இல்ல அது நல்லதுங்கிறதால கடவுள் சொன்னாரான்னு ரெண்டாயிரத்து முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சு பிளேட்டோ சாக்ரடீஸ் வாயில வச்சு கேட்டு. முதலாவதுன்னா நாளைக்கு கொலை பண்ணுன்னு சொன்னா அதுவும் நல்லதாயிரும். ரெண்டாவதுன்னா நல்லதுங்கிறது கடவுளுக்கு முன்னாடியே இருக்கு.

நடைமுறையிலயும் பாருங்க. அமெரிக்காவுல சதர்ன் பாப்டிஸ்ட் சபை 1845-ல தனியா பிரிஞ்சதே அடிமை வச்சிருக்குறவங்க மிஷனரி ஆகலாமாங்கிற சண்டையிலதான். ஆகலாம்னு சொன்னவங்க பைபிளைக் காட்டித்தான் சொன்னாங்க. அதுக்கு அவங்க மன்னிப்பு கேட்டது 1995-ல. நூத்தம்பது வருசம். அதே பைபிள்தான், அதே வசனம்தான், மாறினது படிச்ச மனுசங்க மனசு.

ரேச்சல்_பாளை எழுதியது:

அதே பைபிளை வச்சுத்தான் தம்பி 1688-ல பென்சில்வேனியாவுல ஜெர்மன்டவுன்ங்கிற ஊர்ல நாலு பேர் அடிமை முறை கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க, உனக்கு எதைச் செய்யணும்னு நினைக்கியோ அதையே அடுத்தவனுக்குச் செய்யிங்கிற வசனத்தைக் காட்டி. அந்தக் காலத்துல அமெரிக்காவுல அதைச் சொல்ல பெருசா வேற யாரும் இல்ல. அவங்களுக்கு அந்தத் தைரியம் வௌவால்கிட்ட இருந்து வரல.

மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க பக்கத்துலயே இருக்கு. வடக்கன்குளம் கிறிஸ்தவக் கோயில்ல 1872-ல ரெண்டு சாதி ரெண்டு பக்கமா உக்காரணும்னு கட்டடத்தையே ரெண்டா பிரிச்சுக் கட்டினாங்க, பூசை பண்ற இடத்துல மட்டும் ஒண்ணா சேரும். 1910 வாக்குல ஒரு பாதிரியார் அந்தத் தடுப்பை எடுத்தார், கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. கட்டினதும் விசுவாசி, எடுத்ததும் விசுவாசி, கேஸ் போட்டதும் விசுவாசி. இதை வச்சு மதம் பொய்னு நீங்க சொல்லலாம். நான் சொல்லுறது, எடுத்த அந்த ஆளுக்கு எடுக்கச் சொன்னது எதுங்கிறதுதான்.

நாகூர்_கனி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் வேற மாதிரி பாக்குறேன். பொறக்கும்போதே மனுசனுக்குள்ள நல்லதை அடையாளம் கண்டுக்கிற இயல்பு இருக்குன்னு இஸ்லாம்லயே சொல்லியிருக்கு, ஃபித்ராம்பாங்க. ரேச்சல் சகோதரியோட வேதத்துலயும் நியாயப்பிரமாணம் இருதயத்துல எழுதியிருக்குன்னு பவுல் சொன்ன இடம் உண்டு. அதனால மனசாட்சி குழந்தையிலயே இருக்குன்னு விஞ்ஞானம் நிரூபிச்சா மதம் தோத்துப் போச்சுன்னு எடுத்துக்க வேண்டியதில்ல. எங்க புத்தகமே அதை ஒத்துக்குது.

என் கேள்வி அந்த இயல்பு எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுதான். தாமிரபரணி போட்ட ரெண்டாவது கேள்வி. வௌவால் பழகின வௌவாலுக்குத்தான் ஊட்டுது. பக்கத்துக் குகை வௌவாலுக்கு ஊட்டாது. மனுசன் ஆயிரம் மைல் தள்ளி இருக்குற, முகமே பாக்காத ஆளுக்கு வருசா வருசம் சேமிப்புல ரெண்டரை சதவீதம் கணக்குப் பாத்து எடுத்து வைக்கிறான், ஜகாத். எடுத்து வச்சியான்னு பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூட தெரியாது. இதை வெறும் பாசத்தால செய்ய முடியுமா? பாசம் பக்கத்துல இருக்குறவன் மேலதான வரும்.

2016-ல வந்த ஒரு ஆய்வு இதைத்தான் சோதிச்சுது. உலகத்துல எட்டு இடத்துல போய் பண்ணினாங்க, தான்சானியாவுல வேட்டையாடி வாழுற ஹட்சா மக்கள், பிஜித் தீவு இந்துக்கள், மொரீஷியஸ் இந்துக்கள், வனுவாட்டு தீவுன்னு. ஒருத்தரைத் தனியா உக்கார வச்சு 30 காசும் ரெண்டு கிண்ணமும் ஒரு தாயக்கட்டையும் கொடுப்பாங்க. ஒரு கிண்ணம் உனக்கு, இன்னொண்ணு தூரத்து ஊர்ல இருக்குற உன் மதத்துக்காரன் ஒருத்தனுக்கு. எந்தக் கிண்ணம்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு உருட்டணும், ஒரு கலர் விழுந்தா நினைச்ச கிண்ணத்துல காசு, வேற கலர் விழுந்தா எதிர்க் கிண்ணத்துல. மனசுல நினைச்சதுதான, எப்படி வேணா ஏமாத்தலாம், கண்டுபிடிக்க வழியே கிடையாது. எல்லாரோட காசையும் மொத்தமா சேர்த்துப் பாத்தா மட்டும் பாதிக்குப் பாதியில இருந்து எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு தெரியும். எல்லாம் தெரிஞ்ச, தப்பு செஞ்சா தண்டிக்கிற கடவுள்னு நம்புறவங்க தூரத்து ஆளோட கிண்ணத்துல கூடுதலா காசு போட்டிருந்தாங்க.

குமரன்_78 எழுதியது:

கனி பாய் அருமையான விளக்கம். ஆனா அந்த தூரத்து ஆள் யாரு? //தூரத்து ஊர்ல இருக்குற உன் மதத்துக்காரன்// இதுதானே? வேற மதத்துக்காரனுக்குன்னு கிண்ணம் வைக்கலயே. அப்ப சாமி செஞ்சது, வௌவால் பொந்தைப் பெருசாக்கினதுதான்.

நாகூர்_கனி எழுதியது:

உண்மைதான், அந்த ஆய்வுல அப்படித்தான். ஆனா பொந்தைப் பெருசாக்கினது சின்ன வேலை இல்ல சகோ. நூத்தம்பது பேர் பழகி வாழ்ந்த கூட்டத்தை கோடிப் பேரா ஆக்கினது அது. அதுக்கு வெளியவும் போயிருக்கு. 2004 சுனாமியில எங்க ஊர் தர்காவுல இடம் கொடுத்து நூத்துக்கணக்குல உடல்களை அடக்கம் பண்ணினப்போ எந்த மதம்னு பாத்து வைக்கல. அலை அடிச்ச மறுநாள் நான் கண்ணால பாத்தது. அன்னைக்கு அங்க மண்ணு வெட்டினவங்ககிட்ட போய் இது பரிணாமமா மார்க்கமான்னு கேட்டிருந்தா அவங்களுக்கு கேள்வியே புரிஞ்சிருக்காது.

ராகவி_ஸ்டாட்ஸ் எழுதியது:

ரெண்டு பக்கமும் ஆய்வு ஆய்வுன்னு போடுறீங்க, அதனால உள்ள வர்றேன். எந்த ஆய்வு எவ்வளவு கனம் தாங்கும்னு பாத்துட்டு போடுங்க.

மதம் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க தான் அதிகமா பகிர்ந்துக்கிறாங்கன்னு 2015-ல ஒரு பேப்பர் வந்து உலகம் பூரா நியூஸ் ஆச்சு, ஆறு நாட்டுப் பிள்ளைங்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்துப் பண்ணினது. யாராவது இங்க அதைத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். அது 2019-ல வாபஸ் ஆயிருச்சு. நாடுகளுக்கு 1, 2, 3ன்னு கோட் போட்டவங்க அதை நிஜ நம்பர் மாதிரியே கணக்குல விட்டுட்டாங்க, அதைச் சரி பண்ணினதும் மதத்தால வந்த வித்தியாசம் காணாமப் போச்சு.

மறுபக்கம், பெரிய சமுதாயம் உருவான பிறகுதான் ஒழுக்கம் கேக்குற சாமி வந்துச்சு, சாமியால சமுதாயம் வளரலன்னு 2019-ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த பேப்பர். அதுவும் 2021-ல வாபஸ். எழுத்தே இல்லாத காலத்துக்கு தகவல் இல்லைன்னு இருக்குறதை எல்லாம் அப்படிப்பட்ட சாமியே இல்லைன்னு கணக்குல எடுத்துக்கிட்டாங்கன்னு பிரச்சனை. எழுத்து வர்றதுக்கு முன்னாடி மக்கள் என்ன கும்பிட்டாங்கன்னு எழுதி வச்சிருக்க முடியுமா?

ஆறு மாசக் குழந்தைக்கே நல்லவன் கெட்டவன் தெரியும்னு 2007-ல வந்ததும் அப்படித்தான், கண்ணு ஒட்டின மரக்கட்டை ஒண்ணு மேட்டுல ஏற, ஒண்ணு தள்ளி விட்டு உதவும், ஒண்ணு கீழ தள்ளும், குழந்தை உதவினதை எடுத்துக்கும்னு. சமீபத்துல பல நாட்டு லேப் சேர்ந்து பெரிய அளவுல திரும்பப் பண்ணினப்போ கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான் வந்துச்சு. குமரன் சொன்ன கப்புச்சின் விசயத்துலயும் சண்டை இருக்கு, பக்கத்துல இன்னொரு குரங்கே இல்லாம வெறும் திராட்சை கண்ணுல பட்டாலே வெள்ளரி பிடிக்காமப் போகுதுன்னு ஒரு தரப்பு.

நிக்கிற ஆய்வுன்னு என்னைக் கேட்டா 2006-ல வந்த ஒண்ணைச் சொல்வேன். ஒன்றரை வயசுப் பிள்ளை முன்னாடி ஒரு ஆள் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவற விட்டுட்டு எட்டாம கை நீட்டுவார். பிள்ளை எழுந்து தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கும். மிட்டாய் கிடையாது, சபாஷ் கிடையாது. வேணும்னே தூக்கிப் போட்டா எடுத்துக் கொடுக்காது. பிள்ளை வச்சிருக்குறவங்க எல்லாரும் வீட்டுலயே பாக்கலாம்.

மலைச்சாமி எழுதியது:

எல்லாரும் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிட்டு வந்தாச்சு. நான் மேலூர் பக்கத்துக்காரன், எங்கூர் சாமியைப் பத்திச் சொல்றேன். கனி பாய் சொன்ன அந்த எல்லாம் தெரிஞ்சு தண்டிக்கிற கடவுள் எங்களுக்குக் கருப்பசாமி. அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்பு, சிலை கிடையாது, பெரிய கதவு, அந்தக் கதவுதான் சாமி. கொடுக்கல் வாங்கல், களவு, வரப்புத் தகராறுன்னு பஞ்சாயத்துல தீராதது அங்கிட்டு வரும், வந்து கதவு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணுன்னு சொல்வாய்ங்க. பொய்ச் சத்தியம் பண்ண மனசு துணியாம அப்பவே காசைத் திருப்பிக் கொடுத்தவய்ங்க உண்டு. கோர்ட்டுல சத்தியப் பிரமாணம் எடுத்துட்டு சர்வ சாதாரணமா பொய் சொல்ற ஆளு அங்க வாயைத் திறக்க மாட்டான். அதனால சாமி பயம் வேலை செய்யிறதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நம்ம ஊர்க் காவல் தெய்வங்க எப்படி சாமியாச்சு? நெறைய பேர் கொலையுண்டவங்க. அநியாயமாச் செத்தவங்க. மதுரை வீரனை எடுத்துக்கங்க. அருந்ததியர் வீட்டுல வளர்ந்தவன், கள்ளரை அடக்கி ஊரைக் காப்பாத்தினவன், மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்னாங்கன்னு கதை. இன்னைக்கு மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கிட்ட சாமியா நிக்கிறான். இந்த மாதிரி ஊருக்கு ஊர் கதை. கல்யாணம் பண்ண ஆசைப்பட்டதுக்காகக் கொல்லப்பட்ட பொண்ணு, அண்ணன் வீட்டுல சோறு கிடைக்காம பிள்ளைகளோட கிணத்துல விழுந்த நல்லதங்காள்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, வரிசை எப்படி இருக்குன்னு. சாமி வந்து இது அநியாயம்னு சொல்லி ஜனங்க தெரிஞ்சுக்கிட்டாங்களா? இல்லையே. முதல்ல ஒருத்தனைக் கொன்னாங்க. பாத்த ஜனத்துக்கு நெஞ்சு பொறுக்கல. கொன்னவன் ராசாவோ, மேல்சாதியோ, சொந்த அண்ணனோ, எதுத்துக் கேக்க நாதி இல்ல. சட்டம் கொன்னவன் பக்கம், கோயில்ல இருந்த பெரிய சாமியும் அவன் பக்கம். அந்தப் பொறுக்காத மனசுதான் செத்தவனையே சாமியாக்குச்சு. அநியாயம்ங்கிற உணர்வு முன்னாடி, சாமி பின்னாடி. நீங்க எல்லாம் லட்சம் வருசத்துக்கு முன்னாடி போய்த் தேடுறீங்க, எனக்கு எங்கூர் எல்லையிலயே தெரியுது.

தாமிரபரணி எழுதியது:

மலைச்சாமி அண்ணே, இதை நான் இப்படி யோசிச்சதே கிடையாது.

ஆனா ஒரு சந்தேகம். உணர்வு முன்னாடின்னே வச்சுக்குவோம். அதைச் சாமியா ஆக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அழுதவங்க காலத்தோட அதுவும் போயிருக்கும்ல? முந்நூறு வருசம் கழிச்சும் அவன் பேரு நமக்குத் தெரியுதுன்னா அது படையல் போட்டதால தான.

ரேச்சல்_பாளை எழுதியது:

அண்ணாச்சி, ஒரு நிமிசம் உங்க கதை முழுக்க எங்க கதை மாதிரியே கேட்டுச்சு. குத்தமில்லாத ஒருத்தரை அரசாங்கமும் பெரிய கோயில் ஆசாரியன்மாரும் சேர்ந்து கொன்னு, அதைப் பாத்து நெஞ்சு பொறுக்காத சாதாரண ஜனம் அவரைக் கும்பிட்டது. நான் அவரை நிஜமாவே கடவுள்னு விசுவாசிக்கிறவ, அதனால நீங்க சொல்ற வரிசையை முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆனா கொல்லப்பட்டவன் பக்கம்தான் நியாயம் இருக்குங்கிறது சிம்பன்சி கூட்டத்துல எங்கயும் இல்ல, அங்க ஜெயிச்சவன் பக்கம்தான் எல்லாம்.

சுந்தரி எழுதியது:

இந்த விவாதத்துல ஜார்ஜ் பிரைஸ் பேர் வராமப் போனா தப்பு, அதனால எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

குமரன் சொன்ன ஹாமில்டன் கணக்கு இருக்கே, சொந்தத்துக்காக உயிரைக் கொடுக்குறது. ஹால்டேன்னு ஒரு உயிரியலாளர், அதாங்க கடைசிக் காலத்துல இந்தியா வந்து குடியுரிமை வாங்கி புவனேஸ்வர்ல இறந்தாரே, அவர் ரெண்டு சகோதரருக்காகவோ எட்டு பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்காகவோ உயிரைக் கொடுப்பேன்னு சொன்னதா ஒரு பேச்சு உண்டு. பிரைஸ் அமெரிக்கர், கெமிஸ்ட்ரி படிச்சவர், கடவுள் நம்பிக்கை சுத்தமா இல்லாதவர். 1967-ல லண்டன் வந்து லைப்ரரியில உக்காந்து ஹாமில்டன் பேப்பரைப் படிச்சவருக்கு அது மனசை உறுத்துச்சு. மனுசனோட தியாகம் எல்லாம் கடைசில ரத்தக் கணக்குதானான்னு. தானாவே உக்காந்து புதுசா கணக்கு போட்டு, ஹாமில்டன் சொன்னதை விடப் பொதுவான ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடிச்சார், 1970-ல நேச்சர்ல வந்துச்சு. இன்னைக்கும் பரிணாமக் கணக்குல அது அவர் பேர்லதான் இருக்கு. பரிணாம உயிரியலே படிக்காத ஆளு. அந்தக் கணக்கு நல்ல செய்தி மட்டும் சொல்லல, சொந்தத்துக்கு உதவுற குணம் வளர்ற மாதிரியே, தனக்கு நஷ்டம் வந்தாலும் பரவால்ல அந்நியன் கெட்டா சரிங்கிற குணமும் வளர முடியும்னு அதுல இருந்து தெரிஞ்சுது.

அதே 1970-ல அவர் கிறிஸ்தவர் ஆனார். ஆனதும் சும்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதோட நிக்கல. ரோட்டுல படுத்துக் கிடந்த குடிகாரங்களை, வீடு இல்லாதவங்களைத் தேடிப் போய், என்கிட்ட இருந்து என்ன வேணும்னு கேக்க ஆரம்பிச்சார். காசு கேட்டா காசு, சட்டை கேட்டா சட்டை, தங்க இடம் கேட்டா தன் வீட்டுச் சாவி. வீட்டை அவங்க நிறைச்சதும் இவர் யுனிவர்சிட்டி ஆபீஸ்ல படுத்தார். கடைசில வீடும் போய், காலி பண்ணிப் போட்ட கட்டடம் ஒண்ணுல தங்கினார். அதுக்கு நடுவுல 1973-ல மேனார்டு ஸ்மித்ங்கிற உயிரியலாளரோட சேர்ந்து மிருகங்க சண்டையில ஏன் ஒண்ணையொண்ணு கொல்லாம நிறுத்திக்குதுன்னு இன்னொரு முக்கியமான பேப்பர். 1975 ஜனவரியில தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார், 52 வயசு. இறுதிச் சடங்குல ஹாமில்டனும் மேனார்டு ஸ்மித்தும் நின்னாங்க, கூட அவர் உதவின வீடில்லாத மனுசங்க சிலர்.

தன் கணக்கைப் பொய்யாக்கணும்னே அப்படி வாழ்ந்து செத்தார்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அது பிடிக்கல, அவர் மனசாலயும் உடம்பாலயும் ரொம்ப நோவுபட்டவர், ஒருத்தர் சாவை வாதத்துக்கு வசதியா மடக்கி வைக்கக் கூடாது. ஆனா நான் இதை ஏன் சொல்றேன்னா, இங்க ரெண்டு கட்சி கட்டிப் பேசிட்டு இருக்கோமே, அந்த ரெண்டையும் அவர் ஒரே நேரத்துல வச்சிருந்தார். சமன்பாட்டை வாபஸ் வாங்கல, விசுவாசத்தையும் விடல. ரத்த சொந்தம் எதுவும் இல்லாத ஆளுக்கு சாவியைக் கொடுத்தப்போ அவர் கணக்கு என்ன சொல்லும்னு அவருக்குத்தான் உலகத்துலயே நல்லாத் தெரியும்.

மட்டுறுத்துனர்:

இடையில ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கேன். மதங்களை இழிவா பேசுறதும், நாத்திகர்களை ஒழுக்கம் கெட்டவங்கன்னு சொல்றதும் ரெண்டும் விதி மீறல். தொடருங்கள்.

குமரன்_78 எழுதியது:

சுந்தரி அக்கா பதிவு படிச்சுட்டு ராத்திரி சரியா தூங்கல. நன்றி.

என் நிலைப்பாடு மாறல, மூலம் பரிணாமம்தான். ஆனா மலைச்சாமி அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மதுரை வீரனைக் கும்பிடுற ஊர்லயே இன்னைக்கும் அருந்ததியர் தெருவுக்குத் தனிச் சுடுகாடு இருக்கே? அநியாயத்தைச் சாமியாக்கி வச்சு என்ன பிரயோஜனம்?

மலைச்சாமி எழுதியது:

சரியான இடத்துல அடிக்கிறீங்க தம்பி. இருக்கு. கும்பிடுவாய்ங்க, கெடா வெட்டுவாய்ங்க, சாமி யாரு பிள்ளைன்னு மட்டும் கதையை மாத்திச் சொல்வாய்ங்க. அவன் பொறப்பால அருந்ததியன் கிடையாது, காசி ராசா மகன், காட்டுல விட்டுட்டாங்க, இவங்க எடுத்து வளர்த்தாங்கன்னு. ஏன் அந்தக் கதை? நாங்க கும்பிடுறது எங்க ஆளைத்தான்னு காட்டணும். மனசு பொறுக்காம சாமியாக்கினது ஒரு கூட்டம், அந்தச் சாமியைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டது வேற கூட்டம். பரிணாமம் கொடுத்த அந்த எங்க ஆளுங்கிற புத்தி சாமியையும் விட்டு வைக்கல. அதே மதுரையில மீனாட்சி கோயிலுக்குள்ள ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க கால் வைக்க 1939 ஜூலை 8 வரைக்கும் ஆச்சு, அன்னைக்கும் சாமி தானா கதவைத் திறக்கல, வைத்தியநாத ஐயரும் கூட நாலஞ்சு பேரும் எதிர்ப்பை மீறிக் கூட்டிட்டுப் போனதாலதான் திறந்துச்சு.

தாமிரபரணி எழுதியது:

இதுக்கு எங்க பக்கத்துல ஒரு விசயம் இருக்கு, சொல்லணும்னு தோணுது. பாபநாசத்துக்கு மேல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன் சன்னதி. முத்துப்பட்டன்னு பிராமணப் பையன், சக்கிலியர் வீட்டுப் பொண்ணுங்க பொம்மக்கா திம்மக்காவைக் கட்டணும்னு பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, மாமனார்கிட்ட தோல் வேலை பழகி செருப்பு தைச்சவன். மாமனார் மாட்டைக் களவாண்டவங்ககூட சண்டை போட்டுச் செத்தான். ஆடி அமாவாசைக்கு வர்ற ஜனம் அவனுக்குச் செருப்பு காணிக்கை வைப்பாங்க, தோல் செருப்பு, சன்னதியிலயே. எல்லா சாதியும் வைக்கும். இங்க கதையில அவனை மேல தூக்கல, மேல இருந்தவன் தானே இறங்கி வந்த கதை.

குமரன்_78 எழுதியது:

அப்படி செருப்பு வச்சுட்டுப் போறவங்க வீட்டுல ஒரு பையன் அதே மாதிரி கல்யாணம் பண்ணிட்டு வந்தா?

தாமிரபரணி எழுதியது:

ஏத்துக்கிட்ட வீடு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு உண்டு. விரட்டின வீடு நெறைய. ஏத்துக்கிட்ட வீட்டு அப்பா, பட்டவராயனுக்குப் போட்ட செருப்பை மறந்துட்டு மகனை எப்படி அடிக்கன்னு கேட்டதா சொல்லுவாங்க. விரட்டினவங்களும் அதே சாமியைத்தான் கும்பிடுறாங்க.